விலையைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள்

(கம்பத்தில் பொதுமக்கள் முன் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் இந்த ஊரில் விடிய விடியப் பேசலாம். நம் மலைமாட்டின் கால் வலுவைப் பேசலாம். வாடிவாசலில் நின்று விளையாடும் காளையைப் பேசலாம். கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்கு நள்ளிரவில் ஊரே விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கதையைப் பேசலாம். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வீட்டில் வளர்க்கும் வெள்ளை எலி, ஹாம்ஸ்டர், கினிப்பன்றி இவற்றுக்குக் கடுமையான நோய் வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது? இதுதான் இன்றைய பேச்சு.

"எலிக்கு வைத்தியமா?" என்று உங்களில் சிலர் மனத்துக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. கேட்பதில் தவறில்லை. இந்தப் பள்ளத்தாக்கு எலியைக் கண்டு நடுங்கிய பள்ளத்தாக்கு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் நோய் இங்கே வேரூன்றி இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் எப்படிப் பரவுகிறது என்று ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் விசாரித்து எழுதிய கட்டுரை 1934-இல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் அச்சானது. கோயம்புத்தூரில் இன்றைக்கும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கிய தலைமுறை அது. அந்தத் தலைமுறையின் பேரன் பேத்திகள் இன்று எலிக்குப் பெயர் வைத்து, மடியில் வைத்துத் தடவிக் கொடுக்கிறார்கள்.

ஆனால் அதே பிளேக் காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பம்பாயில் 1905 முதல் பிளேக் ஆய்வுக் குழு வேலை செய்தது. நோய் கண்ட வீடுகளுக்குள் கினிப்பன்றிகளை விட்டுப் பார்த்தார்கள். செத்த எலியை விட்டுத் தாவிய தெள்ளுப்பூச்சிகள் கினிப்பன்றிகள் மேல் ஏறின. கினிப்பன்றிகள் நோய் கண்டு மாண்டன. தெள்ளுப்பூச்சிதான் நோயைச் சுமக்கிறது என்பதற்கு அவை உடம்பையே சாட்சியாகக் கொடுத்தன. இன்று உங்கள் வீட்டுக் கூண்டில் இருப்பது அந்த இனம்தான். நமக்காக இவ்வளவு நோயைத் தாங்கிய உயிருக்கு நோய் வந்தால், "போனால் போகிறது" என்று விடுவதா?

பலர் அப்படித்தான் விடுகிறார்கள். ஏன்? கொடுமையினால் அல்ல, கணக்கினால். ஹாம்ஸ்டரைச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருப்பார்கள். டாக்டரிடம் போய்வர அதைவிட அதிகம் ஆகும். "இந்தக் காசுக்கு இன்னொன்று வாங்கிவிடலாமே" என்பார் அப்பா. பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஒன்றும் பேசாது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும். அய்யா, அந்தப் பிள்ளை அந்த நிமிடத்தில் என்ன கற்றுக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மலிவாக வந்தது வலித்தால் பார்க்க வேண்டியதில்லை என்பதைத்தானே? அதனால்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்: விலையைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள்.

எடையை ஏன் கேட்க வேண்டும்? இந்தப் பிராணிகள் நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் பருந்துக்கும் பாம்புக்கும் இரையாக வாழ்ந்த வம்சம். சோர்ந்து நின்றால் அடுத்த கணம் உயிர் போகும். ஆகவே நோயை மறைப்பது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. மாடு தீனியைத் தள்ளினால் அன்றைக்கே தெரியும். நாய் முனகும். எலியோ, கினிப்பன்றியோ உண்பது போலப் பாவனை செய்யும். தட்டின் முன்னே உட்கார்ந்து வாயை அசைக்கும். உங்கள் கண்ணுக்கு நோய் தெரியும்போது அது நாலைந்து நாளாக நோயோடு இருந்திருக்கும். கண்ணை ஏமாற்றலாம், தராசை ஏமாற்ற முடியுமா? சமையலறையில் மாவு நிறுக்க வைத்திருக்கும் சின்னத் தராசு போதும். ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் பிராணியை உட்கார வைத்து, வாரம் ஒரு முறை நிறுத்து நாட்காட்டியில் எழுதுங்கள். நோய் என்றால் தினமும், ஒரே நேரத்தில். 800 கிராம் இருந்த கினிப்பன்றி சில நாளில் 720-க்கு வந்துவிட்டதா? பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அது அவசரம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். அவற்றின் காலம் வேகமாக ஓடுகிறது. கினிப்பன்றியின் இதயம் நிமிடத்துக்கு 230-க்கு மேல் துடிக்கும். ஹாம்ஸ்டருக்கு 300-ஐத் தாண்டும். ஹாம்ஸ்டரின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுதான். நமக்கு ஒரு நாள் என்பது அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம். "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று சனிக்கிழமை சொன்னால், அதன் கணக்கில் எவ்வளவு காலத்தைத் தள்ளிப் போடுகிறீர்கள்? குட்டி ஹாம்ஸ்டருக்கு வருகிற ஒரு கழிச்சல் இருக்கிறது. வாலும் அடிவயிறும் நனைந்தே இருக்கும், கெட்ட நாற்றம் அடிக்கும், முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்காரும். வைத்தியம் இல்லாவிட்டால் இரண்டு நாளில் உயிர் போய்விடும். உடம்பிலுள்ள நீர் வற்றியே போய்விடும். அதற்குத் தோலுக்கடியில் நீர் ஏற்ற வேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது.

இப்போது ஒரு வீட்டுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீடு. பெண் குழந்தை ஒன்று கினிப்பன்றி வளர்த்தது. கொஞ்ச நாளாக அது நடக்கவில்லை. தூக்கினால் கீச்சிட்டுக் கத்தியது. முழங்கால் மூட்டு வீங்கியிருந்தது. "மேலேயிருந்து விழுந்திருக்கும்" என்று வீட்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். என்ன தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சோறு, பிஸ்கட், கேரட், கொஞ்சம் திராட்சை. நம் ஊரில் திராட்சைக்குப் பஞ்சமா? பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடே வாங்கிய மண் இது. ஆனால் அந்தத் தீனி முழுவதிலும் கினிப்பன்றிக்கு வேண்டிய ஒன்று போதிய அளவு இல்லை. அதுதான் வைட்டமின் சி.

எலி தன் உடம்பிலேயே வைட்டமின் சி-யைச் செய்துகொள்ளும். மாடு செய்துகொள்ளும், ஆடு செய்துகொள்ளும். மனிதனால் முடியாது. கினிப்பன்றியாலும் முடியாது. 1907-இல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தைக் கொடுத்து வந்தபோது, கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்ததைக் கண்டார்கள். ஈறில் ரத்தம், மூட்டில் வீக்கம், எலும்பில் வலி. மனிதனின் ஸ்கர்வியைப் புரிந்துகொள்ளவும், பிற்பாடு வைட்டமின் சி-யைக் கண்டுபிடிக்கவும் வழி திறந்தது அந்தக் கினிப்பன்றிகளால்தான். சின்னமனூர் வீட்டிலும் அதே ஸ்கர்விதான். அந்தப் பிராணி எங்கும் விழவில்லை. அதன் மூட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எண்ணெய் தடவிய ஒவ்வொரு முறையும் வலியால் கத்தியிருக்கிறது.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும்; நோய்க் காலத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும், அந்த அளவை டாக்டர் சொல்வார். நம் தோட்டத்தில் என்ன இருக்கிறது? கொய்யா இருக்கிறது. நெல்லிக்காய் இருக்கிறது. கொத்தமல்லி இருக்கிறது. விதை நீக்கிய கொய்யாத் துண்டு கட்டைவிரல் அளவுக்கு ஒன்று, ஒரு கைப்பிடி மல்லித்தழை. குடிக்கிற தண்ணீரில் சொட்டு மருந்தைக் கலந்து வைப்பதை நம்பாதீர்கள். வெளிச்சம் பட்டால் அதன் சத்து விரைவில் குறைந்துவிடும்.

சரி, வாய் வைத்து உண்ணவே மறுக்கும் பிராணியை என்ன செய்வது? இதுதான் இன்றைய பேச்சின் மையம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கினிப்பன்றியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள், ஒரு நாள் வயிறு வெறுமையாக இருந்தால் குடல் நின்றுவிடும். நின்ற குடலில் வாயு கட்டும். வலியால் இன்னும் உண்ணாது. பிறகு ஈரல் கெடும். நோய் எதுவாக இருந்தாலும், பல நேரம் உயிரை எடுப்பது இந்தப் பட்டினிதான். ஆகவே ஊட்ட வேண்டும்.

அந்தச் சின்னமனூர்ப் பெண்ணுக்கு ஊட்டும் முறையைக் காட்டிக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய துண்டு. துண்டுக்குள் கினிப்பன்றியைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சு. கினிப்பன்றித் தீவனக் குச்சியை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்த கஞ்சி, கைப்பொறுக்கும் சூட்டில். சிரிஞ்சின் முனையை நேரே வாய்க்குள் செலுத்தவில்லை. முன்பற்களுக்குப் பின்னால், கன்னத்தின் பக்கம் ஒரு இடைவெளி உண்டு. அந்த வழியாக மெல்ல நுழைத்தாள். அரை மில்லி. நிறுத்தினாள். தாடை அசைந்தது. விழுங்கும்வரை காத்திருந்தாள். மறுபடி அரை மில்லி. ஒரு கிலோ எடைக்கு நாள் முழுக்கச் சேர்த்துச் சுமார் 50 மில்லி, நாலைந்து வேளையாகப் பிரித்து. ராத்திரி ஒரு வேளை உட்பட. அவள் அம்மா ராத்திரி வேளையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் எடை எழுதப்பட்டது. முதலில் குறைவது நின்றது. பிறகு கிராம் கிராமாக ஏறியது. ஒரு காலைப் பொழுதில் அது தானே மல்லித்தழையை இழுத்துக் கடித்ததாகத் தகவல் வந்தபோது, கன்று எழுந்து நின்றதாகக் கேட்ட அதே மகிழ்ச்சி எனக்கு.

அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் அதுவே நிமோனியா. வயிறு பானையாக உப்பி இறுகியிருந்தாலும், மயங்கிக் கிடந்தாலும் ஊட்டவே கூடாது, முதலில் டாக்டர். எலியாலும் கினிப்பன்றியாலும் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான்.

இனி நான் சொல்வதை, பெரியோர்களே, எழுதிக்கொண்டாலும் நல்லது. நம் வீட்டில் குழந்தைக்கு மிச்சமான சளி மருந்து இருக்கும். மெடிக்கலில் கேட்டால் அமாக்சிசிலின் கிடைக்கும். "மனிதக் குழந்தைக்கே கொடுக்கிறோமே, கால் பங்கு கொடுத்தால் என்ன?" என்று தோன்றும். கினிப்பன்றிக்கும் ஹாம்ஸ்டருக்கும் அது விஷம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின், இவற்றை வாய்வழியே கொடுத்தால் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அழியும். அந்த இடத்தில் நச்சைக் கக்கும் கிருமி பெருகும். நாலைந்து நாளில் கழிச்சல் கண்டு செத்துவிடும். நோய் கொன்றது என்று வீட்டில் நினைப்பார்கள். கொன்றது மருந்து. எந்த ஆன்டிபயாடிக் பொருந்தும், எத்தனை துளி, எத்தனை நாள் என்பதை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். மனிதனுக்குரிய வலி மாத்திரையும் அப்படியே. மாட்டுக்குக் கொடுக்கும் கைவைத்தியமும் அப்படியே: மிளகு, பூண்டு, வெற்றிலை அரைத்து உருட்டிக் கொடுக்கும் நம் வழக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன், ஆனால் அது 300 கிலோ உடம்புக்கு வந்த வைத்தியம்.

நம் பள்ளத்தாக்கின் காற்றையும் வெயிலையும் பற்றிக் கொஞ்சம். சித்திரையில் வெயில் கொளுத்தும். கினிப்பன்றிக்கு 18 முதல் 24 டிகிரி வரை சுகம். 28-ஐத் தாண்டினாலே திணறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் கூண்டை வைத்தால் மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். வீட்டின் குளிர்ந்த தரையில் வையுங்கள். பாட்டிலில் நீரை உறைய வைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூட்டில் விழுந்துவிட்டால் ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வீசும் காற்று உங்களுக்குத் தெரியும். சாரலோடு வரும் அந்தக் காற்று கூண்டின் மேல் நேரே அடித்தால் நோயாளிப் பிராணி தாங்காது.

இன்னொன்று. முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூண்டில் வைத்து விற்கிறார்கள், நாமும் அப்படியே வளர்க்கிறோம். முயலின் மூக்கில் போர்டெட்டெல்லா என்ற கிருமி சும்மா தங்கியிருக்கும். முயலுக்கு ஒன்றும் செய்யாது. கினிப்பன்றிக்குத் தொற்றினால் உயிர்க்கொல்லி நிமோனியா. பிரித்து வையுங்கள்.

தீனியிலும் நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது, வைக்கோலுக்குக் குறைவில்லை. வைக்கோல் படுக்கைக்கு ஆகும். தீனிக்குச் சத்துப் போதாது. காய்ந்த புல் வேண்டும், அருகம்புல் வேண்டும். மாட்டுக்கு வளர்க்கும் குதிரை மசாலைக் குட்டிக்கும் சினைக்கும் கொடுக்கலாம். வளர்ந்ததற்கு அன்றாடம் கொடுத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ப்பையில் கல்லாகும். சிறுநீரில் ரத்தம் கண்டால் அதையும் நினையுங்கள். திராட்சைத் தோட்ட வரப்பிலும் ஏலத்தோட்ட ஓரத்திலும் புல் அறுத்துப் போடவே போடாதீர்கள். அங்கே மருந்து அடிக்கிறோம். ஒரு மாட்டுக்கு ஒன்றும் தெரியாத அளவு, ஒரு கிலோ உடம்புக்குப் பெரிய அளவு.

எங்கே காட்டுவது? முன்பெல்லாம் இதற்கு மதுரை போக வேண்டும், கம்பத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அல்லது 1903 முதல் இருக்கும் சென்னை வேப்பேரிக் கல்லூரி. இன்று வீரபாண்டிக்குப் பக்கத்தில், தப்புக்குண்டில், 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. புறப்படும் முன்னே போனில் கேளுங்கள்: "கினிப்பன்றி பார்க்கும் டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா?" நம் ஊர் டாக்டர்களும் மாட்டைப் பார்த்தே பழகியவர்கள். நீங்கள் கொண்டு போகப் போகத்தான் அவர்களும் பழகுவார்கள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், பழகிய புல்லோடு, வெயில் ஏறுவதற்கு முன் கொண்டு போங்கள். எடை எழுதிய தாளையும் அன்றைய புழுக்கையையும் எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அவை பாதி நோயைச் சொல்லிவிடும். இங்கேயும் விலையைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள்.

பார்த்துக்கொள்பவர்களும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும். கூண்டு தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கினிப்பன்றியிடமிருந்து படர்தாமரை ஒட்டும். எலிச் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். ஹாம்ஸ்டரும் சுண்டெலியும் சுமக்கும் ஒரு வைரஸ் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்; கர்ப்பிணிப் பெண்கள் கூண்டைச் சுத்தம் செய்யவே வேண்டாம்.

கடைசியாக, சொல்லக் கடினமான ஒன்று. எல்லாவற்றையும் செய்தும் தீராத நோய் உண்டு. பெண் எலிக்கு மார்பில் எடுத்தாலும் மறுபடி வரும் கட்டி, வயதான எலியின் நுரையீரலைத் தின்னும் சளி. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவே இழுத்துக்கொள்ளும் நிலையில் அதை வைத்திருப்பது பாசமா? 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம், வளர்க்கும் பிராணிக்கு அநாவசிய வேதனை நேராமல் பார்ப்பதை நம் கடமையாக்குகிறது. டாக்டரிடம் கேளுங்கள். மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல் முடித்து வைக்க முறை இருக்கிறது. தண்ணீரில் முக்குவதும், குளிர்பெட்டியில் வைப்பதும், சாக்கில் கட்டி ஆற்றில் விடுவதும் கொடுமை. அதை எவரும் செய்ய வேண்டாம்.

பிள்ளையிடம் "ஓடிப் போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். பார்க்க விரும்பினால் பார்க்கவும், அழ விரும்பினால் அழவும் விடுங்கள். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். முல்லைப் பெரியாற்றில் போடாதீர்கள். கீழே எத்தனையோ ஊர் குடிக்கிற தண்ணீர் அது.

புதைத்துவிட்டு வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கினிப்பன்றியும் எலியும் கூட்டமாக வாழ்பவை. கூண்டில் இன்னொன்று இருந்தால் அது தீனியைக் குறைத்துக்கொள்ளும். செத்தது தொற்று நோயால் என்றால் அதற்கும் நோய் தொற்றியிருக்கலாம். கூண்டைக் கழுவி வெயிலில் காயப் போட்டுவிட்டு, அதைத் தராசில் நிறுத்து, நாட்காட்டியில் புது வரியாக எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரம் தினமும் எழுதுங்கள். எண் இறங்கத் தொடங்கினால் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

உங்கள் கேள்விகளுக்கு நேரம் விடச் சொன்னார்கள். பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.